சுரங்க ரயில் நிலையங்களை வைத்து வினாடி வினா நடத்துவது எப்படி? டெல்டாவில் முதல்முறை நடத்துபவர்களுக்கு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். சுரங்க ரயில் நிலையங்களின் வரலாற்றை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை வினாடி வினா நடத்தியிருக்கிறேன். முதல் தடவை பாதியிலேயே சண்டை வந்து, மதிப்பெண் பலகையை அழிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை மதியம் ஒரு மணிக்கு முடிந்த பிறகும் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நடுவில் நான் என்னென்ன மாற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"மெட்ரோவே இல்லாத ஊர்ல இந்தத் தலைப்பு எதுக்கு சார்?" என்று உங்களிடமும் கேட்பார்கள். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் சுரங்க நிலையத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் மனப்பாடமாகச் சொல்ல எதுவும் கிடையாது. யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு இந்தத் தலைப்பு ஒத்துவருவது அதனால்தான்.

## 1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

கேள்வி எழுத உட்காரும் முன் தேதி வேண்டும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சிலிருந்து பொதுத் தேர்வு. அக்டோபர் பாதிக்கு மேல் டிசம்பர் வரை மழை. என்றைக்கு விடுமுறை விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. தை மாதம் அறுவடை வந்துவிட்டால் பிள்ளைகளை அழைத்துவரப் பெற்றோருக்கு நேரம் இருக்காது. என் அனுபவத்தில் ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம் நல்ல நேரம். அதிலும் ஆடிப்பெருக்கை ஒட்டிய நாள் வேண்டாம், எல்லோரும் ஆற்றங்கரையில் இருப்பார்கள். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்த நாளைத் தள்ளுங்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காது, பக்கத்துக் கல்யாண மண்டபத்துச் சத்தத்தில் கேள்வியே காதில் விழாது.

மின்வாரிய அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று கேட்டுவிடுங்கள். முதல் தடவை நான் கேட்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் மூடிய பெட்டியிலேயே இருந்து திரும்பிப் போனது.

தேதிக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் இடையே ஆறு வாரம் வையுங்கள். நான்கு வாரம் கேள்விகளுக்கு, இரண்டு வாரம் கடிதங்களுக்கு.

## 2. கடிதங்கள்

மூன்று தாள் போதும். மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

முதலாவது, இடத்துக்கான விண்ணப்பம். நூலகம் என்றால் நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். நாள், நேரம், எத்தனை பேர், கட்டணம் இல்லாத நிகழ்ச்சி என்ற நான்கும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "சொல்லிட்டேன், வந்துடுங்க" என்ற வாய்மொழி அனுமதியை நம்பிப் போனால், அன்றைக்குப் பார்த்துச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். நூலகத்துக்கு வார விடுமுறை ஞாயிறு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள்.

இரண்டாவது, தலைமை ஆசிரியருக்கான கடிதம். பள்ளி நாளில் பிள்ளைகளை வெளியே அழைப்பது பெரிய வேலை. விடுமுறை நாளில் வைத்தால் கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். கூட வரும் ஆசிரியரின் பெயரைப் பள்ளியே எழுதித் தரட்டும்.

மூன்றாவது, பெற்றோர் ஒப்புதல் சீட்டு. கைப்பேசி எண், யார் வந்து அழைத்துப் போவார்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா, ஒத்துக்கொள்ளாத உணவு ஏதாவது உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு தாளில் இரண்டு சீட்டாக அடித்து வெட்டினால் ஜெராக்ஸ் செலவு பாதியாகும்.

ஒலிபெருக்கியை வெளியில் கட்டினால் காவல் நிலைய அனுமதி வேண்டும். இருபத்துநாலு பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. பிளக்ஸ் பேனரும் வேண்டாம். அதற்குத் தனி அனுமதி, தனிச் செலவு. பள்ளிப் பலகையில் சாக்பீஸால் எழுதினால் போதும்.

## 3. கேள்விகளைப் பூட்டுங்கள்

முழு நிகழ்ச்சியும் நிற்பது இந்தப் படியில்தான். இங்கே அவசரப்படாதீர்கள்.

கேள்வியைப் பூட்டுவது என்றால், ஒரே ஒரு விடை மட்டும் பொருந்தும்படி எழுதுவது. முதல் தடவை "சென்னையின் முதல் மெட்ரோ சுரங்க நிலையம் எங்கே?" என்று கேட்டேன். ஒரு பையன் கோயம்பேடு என்றான். 2015 ஜூன் 29 அன்று முதல் மெட்ரோ ஓடியது கோயம்பேடு–ஆலந்தூர் இடையேதான். ஆனால் அது தூண்களின் மேல் போகும் பாதை. சுரங்கப் பாதை திறந்தது 2017 மே 14, திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை. பையன் சொன்னதும் பாதி சரி, நான் கேட்டதும் பாதி சரி. பத்து நிமிடம் வாக்குவாதத்தில் போனது. இரண்டாம் தடவை அதையே இப்படி மாற்றினேன்: "2015-ல் சென்னை மெட்ரோ வானத்தில் ஓடத் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்துத்தான் மண்ணுக்குள் இறங்கியது. இறங்கிய முதல் பாதையின் இரு முனைகள் எவை?" ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

டெல்லியிலும் இதே பொறி. 2002 டிசம்பரில் தொடங்கிய ஷாதரா–தீஸ் ஹசாரி பாதை தரைக்கு மேலே. சுரங்கம் வந்தது 2004 டிசம்பரில். கொல்கத்தாவில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடிய முதல் ரயிலே மண்ணுக்கடியில்தான் ஓடியது. அந்தப் பவானிப்பூர்தான் இன்றைய நேதாஜி பவன்.

"முதல்" என்ற சொல் வந்தால் எதில் முதல் என்று எழுதியே ஆகவேண்டும். 1863 ஜனவரி 10 அன்று லண்டனில் பாடிங்டன்–ஃபாரிங்டன் இடையே திறந்தது உலகின் முதல் சுரங்க ரயில் பாதை. ஓடியது நீராவி எஞ்சின். ஆழத்தில் குழாய் போலத் துளைத்து மின்சார ரயில் விட்டது 1890-ல், ஸ்டாக்வெல் பக்கம். ஐரோப்பியப் பெருநிலத்தில் முதலாவது 1896-ல் புடாபெஸ்ட். ஆசியாவில் முதலாவது 1927-ல் டோக்கியோவின் அசாகுசா–உவேனோ. எல்லாமே "முதல்"தான். எந்த "முதல்" என்று நீங்கள் சொல்லாவிட்டால் பிள்ளை எதைச் சொன்னாலும் தவறென்று தள்ள முடியாது.

"மிக ஆழமான", "மிக நீளமான", "மொத்தம் எத்தனை" என்ற கேள்விகளை விட்டுவிடுங்கள். பல வருடமாக ஆழத்துக்கு விடை உக்ரைன் நாட்டுக் கீவ் நகரின் அர்செனால்னா, 105.5 மீட்டர். 2022-ல் சீனாவின் சோங்சிங் நகரில் ஹோங்யான்சுன் நிலையம் திறந்தது. அதற்குச் சுமார் 116 மீட்டர் என்கிறார்கள். பழைய புத்தகம் படித்த பிள்ளைக்கும் புதிய செய்தி படித்த பிள்ளைக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். சென்னையில் இரண்டாம் கட்ட வேலை நடந்துகொண்டே இருப்பதால் நிலைய எண்ணிக்கையையும் கேட்காதீர்கள்.

அர்செனால்னாவை விட மனமில்லை என்றால் இப்படித் திருப்பலாம்: "இந்த நிலையம் தரைக்குள் 105.5 மீட்டர். ஆனால் இதற்கு அடுத்த நிலையம் ஆற்றோரத்தில் தரைக்கு மேலே நிற்கிறது. ரயில் அவ்வளவு உயரம் ஏறியிருக்குமா?" ஏறவில்லை. அர்செனால்னா ஆற்றங்கரை மேட்டுக்கு அடியில் இருக்கிறது. ரயில் மேட்டைக் குடைந்து கரைக்கு வெளியே வந்துவிடுகிறது. இதைத் தாளில் படம் வரைந்தே இரண்டு குழு கண்டுபிடித்தது. சமதளத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மேடு என்பதே தோன்றாது என்று நினைத்திருந்தேன். ஆற்றுக் கரை ஏறி இறங்கும் பிள்ளைகளுக்குத் தோன்றிவிட்டது.

ஆங்கிலப் புதிர்களை அப்படியே எடுக்காதீர்கள். கானாங்கெளுத்தி மீனுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரின் ஓர் எழுத்துகூட இல்லாத லண்டன் நிலையம் எது என்று ஒரு புகழ்பெற்ற கேள்வி உண்டு. விடை செயின்ட் ஜான்ஸ் உட். அதைத் தமிழாக்கிக் கேட்டேன். அறை அமைதியாகிவிட்டது. எழுத்து விளையாட்டு வேண்டுமென்றால் தமிழிலேயே கிடக்கிறது. "பெயரிலேயே மண்ணுக்கு அடி என்று வைத்துக்கொண்டு மண்ணுக்கடியிலேயே இருக்கும் சென்னை நிலையம் எது?" மண்ணடி. "ஆயிரம் வெளிச்சம் என் பெயரில், ஒரு பொட்டு வெயில் இல்லை என் வீட்டில்." ஆயிரம் விளக்கு. "பெயரில் மலை, நிற்பதும் உயரத்தில்." சின்னமலை, தூண்களின் மேல் உள்ள நிலையம். இவற்றை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விடுகதை போலப் பிடித்துக்கொண்டார்கள்.

பெயர் மாறிய நிலையங்களுக்கு முன்கூட்டியே ஒரு விதி சொல்லுங்கள்: பழைய பெயரும் செல்லும், புதிய பெயரும் செல்லும். 2020-ல் சென்னை சென்ட்ரல் மெட்ரோ, ஆலந்தூர், கோயம்பேடு பேருந்து நிலைய மெட்ரோ மூன்றுக்கும் தலைவர்கள் பெயர் வைத்தார்கள். முழுப் பெயரை எழுதவே பிள்ளைக்கு முப்பது விநாடி போய்விடும்.

## 4. தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

முதல் தடவை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க வீட்ல அஸ்திவாரம் பறிச்சப்பவே தண்ணி ஊறுச்சு. அவ்வளவு கீழ தோண்டுனா ஊறாதா?" என்று கேட்டான். அப்போது என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். இரண்டாவது நிகழ்ச்சியின் முதுகெலும்பே அவன் கேள்விதான்.

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் மார்க் புரூனல் என்ற பொறியாளர் 1825-ல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார். 1827-லும் 1828-லும் ஆறு உள்ளே புகுந்தது. 1843-ல்தான் திறந்தார்கள், அதுவும் நடந்து போக. ரயில் வந்தது 1869-ல், இன்றும் ஓடுகிறது. "ஆறு உள்ளே புகுந்த பிறகு ஓட்டையை எப்படி அடைத்திருப்பார்கள்?" என்று கேட்டேன். உடைப்பெடுத்த கரையை எப்படி அடைப்பார்கள் என்று பார்த்த பிள்ளைகள் இவர்கள். "மேல இருந்து மண் மூட்டை போட்டிருப்பாங்க" என்று மூன்று குழு எழுதியது. களிமண் நிரப்பிய சாக்குகளைப் படகிலிருந்து ஆற்றுக்குள் போட்டுத்தான் அடைத்தார்கள்.

மண் சரியாமல் இருக்க புரூனல் ஓர் இரும்புக் கூண்டு செய்தார். உள்ளே நின்று ஆட்கள் தோண்டத் தோண்டக் கூண்டு முன்னே நகரும். அந்த யோசனை அவருக்கு ஓர் உயிரினத்தைப் பார்த்து வந்தது என்பார்கள். எந்த உயிரினம்? நாகை கடலோரத்திலிருந்து அத்தை வீட்டுக்கு வந்திருந்த ஒரு சிறுமி, எழுது பலகையில் "படகு மரத்த தின்ற புழு" என்று எழுதினாள். கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் அதை விளிம்பில் சாய்த்து எழுதியிருந்தாள். முழு மதிப்பெண். தாத்தாவின் மரப்படகில் அந்தப் புழு போட்ட ஓட்டைகளைப் பார்த்திருக்கிறாளாம்.

இன்றைய முறைக்கும் ஒரு கேள்வி வையுங்கள். "காவேரி, அடையாற்றுக்கு அடியில் போனது. எப்படி?" சத்தம் போட்டுச் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் 2023-ல் பசுமைவழிச் சாலையிலிருந்து அடையாறு நோக்கித் தோண்டத் தொடங்கிய இயந்திரத்தின் பெயர் காவேரி. இயந்திரம் முன்னே போகப் போகப் பின்னால் கான்கிரீட் துண்டுகளை வளையமாகக் கோத்துக்கொண்டே வருவார்கள். துண்டுகளுக்கு இடையே ரப்பர் பட்டை தண்ணீரை நிறுத்தும். இதைச் சொல்லும்போது ஒரு தண்ணீர்க் குழாய் இணைப்பின் ரப்பர் வாசரைக் கையில் காட்டினேன். கொல்கத்தாவில் 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ரயில் ஓடத் தொடங்கியதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். ஆற்றுக்குக் கீழே சுமார் 520 மீட்டர்.

தொடக்கக் கேள்வி ஒன்று கட்டாயம் நம் ஊர்க் கேள்வியாக இருக்கட்டும். "லண்டன் சுரங்க ரயில், நாகப்பட்டினம்–தஞ்சாவூர் ரயில். எது முதலில் ஓடியது?" எட்டுக் குழுவில் ஏழு குழு லண்டன் என்று எழுதியது. நம்முடையது 1861, அவர்களுடையது 1863. அதற்குப் பிறகு பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

## 5. சுற்றுகளை மாற்றி மாற்றி வையுங்கள்

வெறும் கேள்வி–பதில் நாற்பது நிமிடத்தில் சலித்துவிடும்.

குறிப்புச் சுற்று: கடினமான குறிப்பு முதலில், எளியது கடைசியில். 10, 7, 5, 3 என்று மதிப்பெண் குறையும். "1938-ல் திறந்த நிலையம். கூரையில் வானத்தைக் காட்டும் மொசைக் படங்கள். ஒரு கவிஞரின் பெயர். 1941 நவம்பரில் போர் நெருங்கியபோது நாட்டின் தலைவர் இங்கே பேசினார்." மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா. நிலையத்தின் பெயர் தெரியாவிட்டாலும் நகரத்தைச் சொன்னால் பாதி மதிப்பெண் கொடுங்கள்.

ஏன் சுற்று: விடை ஒரு காரணமாக இருக்கும். நியூயார்க்கின் அழகான சிட்டி ஹால் நிலையம் 1945 டிசம்பர் 31 அன்று ஏன் மூடப்பட்டது? பிளாட்பாரம் குட்டை, அதுவும் வளைவு. நீளமான புது ரயில்களுக்குப் பொருந்தவில்லை. சின்ன நிலையத்தில் கடைசிப் பெட்டியிலிருந்து ஜல்லியில் குதித்து இறங்கிய பிள்ளைக்கு இது சட்டென்று தெரியும். இன்னொன்று: லண்டன் லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் 23, 24-ம் எண் வீடுகளுக்குக் கதவு உண்டு, ஜன்னல் உண்டு, வீடு இல்லை. ஏன்? நீராவி எஞ்சின் புகையை வெளியே விடப் பாதைக்கு மேல் திறப்பு விட்டார்கள். தெரு அசிங்கமாகத் தெரியாமல் இருக்க முன்சுவர் மட்டும் கட்டினார்கள்.

வரைபடச் சுற்று எனக்கு மிகவும் பிடித்தது. ஹாரி பெக் என்ற மின்சுற்று வரைவாளர் 1931-ல் வரைந்து 1933-ல் வெளியான லண்டன் படத்தில், கோடுகள் நேராகவும் 45 பாகைச் சாய்விலும் மட்டுமே போகும். தூரம் சரியாக இருக்காது, வழி சரியாக இருக்கும். அந்த விதியைச் சொல்லிவிட்டு, டெல்டா ரயில் பாதைகளை அதே மாதிரி வரையச் சொல்லுங்கள்: தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை, நீடாமங்கலம், மன்னார்குடி. பதினைந்து நிமிடம், ஒரு சார்ட், நாலு ஸ்கெட்ச் பேனா. அச்சடித்த லண்டன் படத்தையோ அவர்கள் சின்னத்தையோ சான்றிதழில் போடாதீர்கள். அவற்றுக்கு உரிமை உண்டு.

## 6. அட்டை

ஒரு கேள்விக்கு ஓர் அட்டை. முன்பக்கம் கேள்வி. பின்பக்கம் விடை, ஏற்கக்கூடிய வேறு விடைகள், ஒரு வரி விளக்கம், எந்த இரண்டு இடத்தில் சரிபார்த்தீர்கள், எந்தத் தேதியில். தேதியைப் பென்சிலில் எழுதுங்கள். மெட்ரோ நிறுவனத்தின் சொந்த இணையதளமும் ஒரு நல்ல நூலும் ஒத்துப்போனால் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது, ஏஐ சொன்னது இரண்டும் துப்பு மட்டுமே. அதை வைத்துத் தேடலாம், அதையே விடையாக வைக்க முடியாது. ஒரு கேள்விக்கு எனக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆனது. அறுபது எழுதி நாற்பது எடுங்கள். மிச்சத்தில் பத்து சமநிலைக்கு.

## 7. செலவு

எட்டுக் குழு, குழுவுக்கு மூன்று பேர். இரண்டாம் தடவை எனக்கு ஆனது: அட்டை, சார்ட், பேனா 420 ரூபாய், பிரிண்ட், ஜெராக்ஸ் 310, புரொஜெக்டர் வாடகை 800, சுண்டலும் மோரும் 650, சான்றிதழ் 360, பரிசு நூல்கள் 1,500. மொத்தம் 4,040. முதல் தடவை ஷீல்டு, பேனர் என்று ஏழாயிரத்தைத் தாண்டியது. ஷீல்டை வீட்டு அலமாரியில் வைப்பார்கள். நூலை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படிப்பார்கள். புரொஜெக்டர் இல்லாமலும் நடத்தலாம், படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தால் போதும். நன்கொடை வாங்கினால் ஒவ்வொரு பில்லையும் வைத்திருங்கள்.

## 8. அன்றைக்கு

காலை 10 முதல் 1 வரை. வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பஸ் வந்துசேர 9.45 ஆகிவிடும், அதற்கு முன் தொடங்க வேண்டாம். பஸ்ஸர் வாங்காதீர்கள், வேகமான ஒரு பிள்ளையே எல்லாவற்றுக்கும் அழுத்தும். எழுது பலகை கொடுத்து முப்பது விநாடியில் எல்லாக் குழுவும் எழுதட்டும். வெளிநாட்டு ஊர்ப் பெயரை எப்படி எழுதினாலும் சத்தம் ஒத்துவந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மறுப்புக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். யாராவது எழுந்தால் அட்டையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டுங்கள். பிள்ளை சொல்வது சரியென்றால் இரு குழுவுக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு, அட்டையில் அங்கேயே திருத்துங்கள். "நான் சொன்னால் சொன்னதுதான்" என்ற பேச்சு வேண்டாம். அதில் ஆரம்பித்ததுதான் என் முதல் நிகழ்ச்சியின் சண்டை.

ஒரு வாரத்துக்குள் தலைமை ஆசிரியர்களுக்கு நன்றிக் கடிதமும் வாசகர் வட்டத்துக்குக் கணக்கும் போய்ச் சேர வேண்டும். அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு நூலகத்திலேயே கொடுத்துவிடுங்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். வாங்குகிறவர்களிடம் பென்சில் தேதியைக் காட்டிக் கொடுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் மறுபடி சரிபார்த்த பிறகுதான் அந்த அட்டையை எடுக்க வேண்டும்.